பெட்ரோலா, டீசலா? ஆஃப்ரோடு வண்டி வாங்கப் போகிறவருக்கு

ஆஃப்ரோடு போகிறவர்கள் நாலு பேர் கூடினால் டயரைப் பற்றி ஒரு சண்டை வரும், எஞ்சினைப் பற்றி இன்னொன்று வரும். டயர் சண்டை அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். எஞ்சின் சண்டை அடங்கவே அடங்காது. "ஆஃப்ரோடுன்னா டீசல்தான், இதுல என்ன பேச்சு" என்று ஒருவர் ஆரம்பிப்பார். பெரும்பாலும் பழைய ஜீப் ஓட்டிக் கை பழகியவராக இருப்பார். "அதெல்லாம் அந்தக் காலம் அண்ணே" என்று டர்போ பெட்ரோல் வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் சிரிப்பார். இரண்டு பேரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. இரண்டு பேருமே விட்டுவிடுவதும் ஒன்று இருக்கிறது: அந்த வண்டி காட்டிலும் மேட்டிலும் ஓடப்போவது மாதத்தில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். மீதி நாட்களில் அது என்ன செய்யப்போகிறது என்பதுதான் இன்றைக்கு எஞ்சினைத் தீர்மானிக்க வேண்டும். இருபது வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். ஏன் மாறியது என்பதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் மண்ணில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

டார்க் என்ற மந்திரச் சொல்

டீசல் பக்கம் நிற்பவர்கள் முதலில் எடுத்து வைப்பது டார்க்கை, அதாவது எஞ்சினின் திருகு விசையை. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை மட்டும் பதினைந்து, பதினெட்டு மடங்கு அழுத்திச் சூடேற்றி, அதற்குள் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் எஞ்சினில் இந்த அழுத்தம் பெரும்பாலும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மடங்கு. அதை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, ஏற்றினால் கலவை நேரங்கெட்ட நேரத்தில் வெடித்து எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும். டீசலுக்கு அந்தப் பயம் இல்லை என்பதால் புகையின் வேகத்தில் சுழலும் காற்றாடியான டர்போவை வைத்துத் தாராளமாகக் காற்றைத் திணிக்கலாம். குறைந்த ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு) இழுவை கிடைப்பது அதனால்தான்.

ஒரே வண்டியில் இரண்டு எஞ்சினும் கிடைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஜீப் ரேங்லரின் 3.6 லிட்டர் வி6 பெட்ரோலுக்கு 285 குதிரைத்திறன், 353 நியூட்டன் மீட்டர் டார்க். அந்த உச்ச டார்க் வருவது 4,800 ஆர்பிஎம்மில். அதே வண்டியில் சில ஆண்டுகள் கிடைத்த 3 லிட்டர் டீசலுக்குக் குதிரைத்திறன் 260தான், ஆனால் டார்க் 599. அதுவும் 1,400 ஆர்பிஎம்மிலேயே. காகிதத்தில் பார்த்தால் போட்டியே இல்லை.

ஆனால் எல்லா வண்டியிலும் கதை இப்படிப் போவதில்லை. 2020இல் வந்த மஹிந்திரா தாரில் 2.2 லிட்டர் டீசலுக்கு 300 நியூட்டன் மீட்டர். 2 லிட்டர் டர்போ பெட்ரோலுக்கு மேனுவலில் அதே 300, ஆட்டோமேட்டிக்கில் 320. டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 300இல் 3.3 லிட்டர் டீசல் 700 தருகிறது, 3.5 லிட்டர் இரட்டை டர்போ பெட்ரோல் 650 தருகிறது. பெட்ரோலுக்கும் டர்போ வந்த பிறகு இடைவெளி அவ்வளவு சுருங்கிவிட்டது. "டீசல் என்றாலே டார்க்" என்பது டர்போ இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டுப் பழகிய வாய் சொல்வது.

அதைவிட முக்கியமாக, சக்கரத்துக்குப் போய்ச் சேருவது எஞ்சினின் டார்க் அல்ல, கியர் பெருக்கிக் கொடுத்த டார்க். முதல் கியர், லோ ரேஞ்ச் (மெதுவாக, ஆனால் பலமாகப் போகத் தனி லீவரில் போடும் கூடுதல் கியர்), அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியல் (விசையை இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) ஆகிய மூன்றின் விகிதத்தையும் பெருக்கினால் வருவதை க்ரால் ரேஷியோ என்பார்கள். எஞ்சின் 300 தந்து விகிதம் 40 என்றால் சக்கரங்களுக்கு 12,000. எஞ்சின் 200தான் தருகிறது, விகிதம் 60 என்றாலும் அதே 12,000. இரண்டாவது வண்டி மெதுவாகப் போகும், அவ்வளவுதான். கல்லில் மெதுவாகப் போவது குறையில்லை, அதுதான் வேண்டும். ரேங்லர் ரூபிகானின் மேனுவல் வண்டியில் இந்த விகிதம் 84ஐத் தொடும். ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் விட்டால் பக்கத்தில் நடந்து வருகிறவர் நின்று நின்று காத்திருக்க வேண்டியிருக்கும். சுஸுகி ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோலுக்கு டார்க் 130 சொச்சம்தான், விகிதமும் 36 அளவில்தான். ஆனால் வண்டியே சுமார் 1,100 கிலோவிலிருந்து 1,200 கிலோதான். எடை இல்லாதவனுக்கு இழுவை எதற்கு என்று அது பாட்டுக்கு ஏறிப்போகும்.

ஒரு ஏற்றத்தில் பக்கத்தில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். முழங்கால் உயரத்துக்குப் படிபோல் நிற்கும் ஒரு கருங்கல். வந்தது மேனுவல் கியர், இரண்டு லிட்டர் டர்போ டீசல். முன் சக்கரம் கல்லைத் தொட்டது. டீசல்தானே, தானாக ஏறிவிடும் என்ற நம்பிக்கையில் ஓட்டியவர் ஆக்சிலரேட்டரைத் தொடவே இல்லை. முள் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது, பானட் இரண்டு தரம் குலுங்கியது, வண்டி ஆஃப். மறுபடி ஸ்டார்ட் செய்தார். இந்தத் தடவை கிளட்ச்சைப் பாதி மிதித்துக்கொண்டே ஆர்பிஎம்மை ஏற்றினார். ஏறிவிட்டார், சரி. ஆனால் பத்து நிமிடத்துக்கு அந்த இடம் முழுக்கக் கிளட்ச் கருகிய வாடை. எட்டிப் பார்த்தால் லீவர் 4 ஹையில் இருக்கிறது, அதாவது நாலு சக்கரமும் இழுக்கும், ஆனால் சாதாரண வேகத்துக்கான கியர்! லோவுக்கு மாற்றவே இல்லை.

இதில் இரண்டு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஒன்று, சின்ன டர்போ டீசலுக்கு 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே பெரிதாக உயிர் கிடையாது. டர்போ சுற்ற ஆரம்பிக்கும் வரை அது வெறும் இரண்டு லிட்டர் எஞ்சின். பழைய லேண்ட் க்ரூஸர்களில் வந்த டர்போ இல்லாத 4.2 லிட்டர் ஆறு சிலிண்டர் டீசல் ஐட்லிங்கிலேயே இழுத்துக்கொண்டு போகும் என்றால் அது டீசல் என்பதால் மட்டும் இல்லை, எஞ்சினின் பருமனால். அந்த அனுபவத்தை நினைத்துக்கொண்டு இன்றைய டீசலை வாங்கினால் ஏமாற்றம்தான். இரண்டாவது, லோ ரேஞ்ச் போட்டிருந்தால் பெட்ரோலானாலும் டீசலானாலும் அந்தக் கல்லில் கிளட்ச் கருகியிருக்காது.

ஆட்டோமேட்டிக் என்றால் வித்தியாசம் இன்னும் குறையும். அதில் கிளட்ச்சுக்குப் பதில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டர், வண்டி நிற்கும் நிலையிலிருந்து நகரும்போது எஞ்சின் டார்க்கை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கித் தரும், வண்டியும் ஆஃப் ஆகாது. கல்லும் மேடுமாக இருக்கும் பாதையில் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

டீசலுக்கு இங்கே இருக்கும் உண்மையான அனுகூலம் வேறு. அதன் பெடல் நிதானமானது. குண்டு குழியில் வண்டி துள்ளும்போது கால் தெரியாமல் அழுந்தினாலும் டீசல் பதறாது. பெட்ரோல் சட்டென்று உறுமும், சக்கரம் சுழன்று டயர் ஒரு கல்லை உரித்துவிட்டுப் பக்கவாட்டில் நழுவும். இப்போது பல வண்டிகளில் 4 லோ போட்டதுமே பெடலின் துடிப்பைக் கணினி தானாகக் குறைத்துவிடுகிறது. அப்படிக் குறைக்கிறதா என்று வாங்கும் முன் ஓட்டிப் பாருங்கள். விளம்பரத்தில் இதைப் போடமாட்டார்கள்.

மணலில் கதை தலைகீழ்

மணலில் வேண்டியது திருகு விசை இல்லை, சக்கர வேகம். டயர் காற்றழுத்தத்தைப் பதினைந்து, பதினெட்டு பிஎஸ்ஐக்கு இறக்கிவிட்டு ஒரு மேட்டை நோக்கி வேகம் பிடிக்கிறீர்கள். பாதி ஏற்றத்தில் மணல் இழுக்கும், வேகம் குறையும். அந்த நொடியில் எஞ்சினிடம் இன்னும் இரண்டாயிரம் ஆர்பிஎம் மிச்சம் இருந்தால் தப்பினீர்கள். பெட்ரோல் ஐயாயிரம், ஆறாயிரம் வரை சுற்றிக்கொண்டே போகும். டீசல் நாலாயிரத்தை நெருங்கும்போதே மூச்சு வாங்கும், கியர் மாற்றச் சொல்லும். மணல் மேட்டின் நடுவில் கியர் மாற்ற எடுக்கும் அந்த அரை நொடியில் வண்டி நின்றுவிடும். நின்ற வண்டியை அதே இடத்திலிருந்து மேலே ஏற்றலாம் என்பது வீண் முயற்சி, ரிவர்ஸில் நேராக இறங்கித்தான் மறுபடி வர வேண்டும்.

வளைகுடா நாடுகளின் மணல் மேடுகளில் 4.8 லிட்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் போட்ட நிஸான் பேட்ரோலுக்கு இத்தனை மவுசு இருப்பது இதனால்தான். அங்கே பெட்ரோல் மலிவு என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி மணல்.

எடையும் சேர்ந்துகொள்கிறது. அதிக அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் டீசல் எஞ்சினைக் கனமாகத்தான் கட்ட முடியும். அந்தக் கனம் முழுக்க முன் அச்சின் மேல் உட்காரும். மேட்டின் உச்சியைத் தாண்டி மூக்கு கீழே இறங்கும்போது மண்ணுக்குள் புதைவது முன்பக்கம் கனத்த வண்டிதான். ஆழமான சேற்றிலும் ஏறக்குறைய இதே நியாயம். சக்கரம் வேகமாகச் சுழன்றால்தான் டயரின் பல்லில் அப்பிய சேறு தெறித்து விழும்.

இறக்கம், தண்ணீர், மலை உயரம்

இறக்கத்தில் டீசல்தான் நன்றாகப் பிடிக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அழுத்தம் அதிகம், ஆகவே எஞ்சின் பிரேக்கிங்கும் அதிகம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அழுத்தப்பட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி பிஸ்டனைத் திருப்பித் தள்ளியும் விடுகிறது, கொடுத்ததை வாங்கிக்கொள்கிறது. பெட்ரோலில் ஆக்சிலரேட்டரை விட்டதும் காற்று வரும் வழி மூடிக்கொள்ள, அடைத்த மூக்கால் மூச்சு இழுப்பதுபோல் எஞ்சின் திணறும். அந்தத் திணறலே பிரேக். பெரிய டீசல் லாரிகளில் எக்ஸாஸ்ட் பிரேக் என்று தனியாக ஒன்று வைத்திருப்பதே, டீசல் தானாக அவ்வளவு பிடிக்காது என்பதால்தான். ஆஃப்ரோடு டீசல் இறக்கத்தில் நன்றாகப் பிடிப்பதாகத் தோன்றுவதில் பெரும்பங்கு கியருடையது. லோ ரேஞ்ச் முதல் கியரில் இரண்டுமே இறங்கும்.

தண்ணீரில் டீசல் ஜெயிக்கும் என்ற பேச்சு ஒரு காலத்தில் நூற்றுக்கு நூறு சரி. பழைய பெட்ரோல் வண்டியில் தீப்பொறிக்கான கரண்டைப் பிளக்குகளுக்குப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் நாலு சொட்டு ஈரம் பட்டால் போதும், ஆற்றின் நடுவில் நின்றுவிடும். பம்பும் மெக்கானிக்கல், தீப்பொறியும் வேண்டாம் என்றிருந்த பழைய டீசல் கரண்டே இல்லாமல்கூட ஓடும். இன்றைக்கு இரண்டுமே கணினி சொல்கிறபடி ஓடுகின்றன, பெட்ரோலிலும் ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி காயில் மூடி வைத்தபடி வந்துவிட்டது. மிச்சம் இருக்கும் ஆபத்து காற்று இழுக்கும் குழாய்க்குள் தண்ணீர் புகுவது. தண்ணீர் அழுத்தத்துக்கு மடங்காது, பிஸ்டன் மேலே வரும், கனெக்டிங் ராடு வளையும். சொல்லப்போனால் டீசலுக்குத்தான் இது மோசம், பிஸ்டனுக்கு மேலே இருக்கும் இடம் அதில் இன்னும் குறுகல். காற்றைக் கூரை உயரத்திலிருந்து இழுக்கும் ஸ்நார்க்கல் குழாய் இரண்டுக்கும் வேண்டும், கம்பெனி சொன்ன ஆழத்துக்கு மேல் இறங்காத புத்தியும் இரண்டுக்கும் வேண்டும்.

உயரத்தில் டர்போ இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 3,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு, 5,000 மீட்டரில் அறுபது சதவீதம். டர்போ இல்லாத பெட்ரோல் அந்த விகிதத்திலேயே சோர்ந்து போகும். டர்போ உள்ள எஞ்சின் பெட்ரோலோ டீசலோ பெரிய அளவுக்குச் சமாளிக்கும், ஆனால் டர்போ விழித்துக்கொள்ளக் கூடுதல் நேரம் எடுக்கும். கடும் குளிரில் பெட்ரோலுக்கு நிம்மதி அதிகம். டீசலில் மெழுகு இருக்கிறது. பனிக்காலத்துக்கு என்று தயாரித்த டீசல் கிடைக்காத இடத்தில் இரவு நிறுத்தினால் காலையில் அந்த மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். புகையைச் சுத்தப்படுத்த இன்றைய டீசல் வண்டிகள் பலவற்றில் தனி டேங்கில் வரும் யூரியா கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும். அதை உருக்க வண்டியிலேயே ஹீட்டர் இருக்கும், ஆனாலும் கெட்டுப்போக இன்னொரு பாகம் கூடியதாகத்தான் கணக்கு.

தூரம் போகிறவருக்கு டீசல்

டீசலின் அசைக்க முடியாத பலம் இங்கேதான். ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து, பன்னிரண்டு சதவீதம் கூடுதல் ஆற்றல் இருக்கிறது. எஞ்சினும் அதைச் சிக்கனமாக எரிக்கிறது. இரண்டும் சேர்ந்து மைலேஜில் கால் பங்கு, முப்பது சதவீதம் வித்தியாசம் வரும். லோ ரேஞ்சில் ஊர்ந்தால் இரண்டுமே நெடுஞ்சாலையைவிட இரண்டு, மூன்று மடங்கு குடிக்கும். ஆனால் பெட்ரோல் குடிப்பது கொஞ்சம் கண்ணைக் கட்டும். டர்போ பெட்ரோல் நீண்ட ஏற்றத்தில் பாரத்தோடு ஏறும்போது உள்சூட்டைத் தணிப்பதற்கென்றே கூடுதலாகப் பெட்ரோலைத் தெளிக்கும். அந்த நேரத்தில் டேஷ்போர்டில் ஓடும் மைலேஜ் எண்ணைப் பார்க்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

80 லிட்டர் டேங்கில் லிட்டருக்கு 7 கிலோமீட்டர் என்றால் 560, 10 கிலோமீட்டர் என்றால் 800. அடுத்த பங்க் 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பாதையில் போய்த் திரும்ப வேண்டுமானால் இது வெறும் காசுக் கணக்கு இல்லை. பெட்ரோல் வண்டி கேனில் சுமந்துகொண்டு போக வேண்டும். அங்கேதான் எனக்கு உதறும். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். டீசலுக்கு ஐம்பது டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும். வெயிலில் கூரை மேல் கட்டிய 20 லிட்டர் பெட்ரோல் கேனோடு கல்லில் குலுங்கிப் போவதும், அதே கேனில் டீசலோடு போவதும் ஒன்றில்லை. டிரெய்லர் இழுப்பவருக்கும், குடும்பத்தோடு கூரைக் கூடாரம், தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு வாரக்கணக்கில் போகிறவருக்கும் டீசல்தான் என்று நான் யோசிக்காமல் சொல்வேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. தொலைதூரத்தில் டிரம்மிலிருந்து ஊற்றும் டீசலில் தண்ணீரும் தூசியும் இருக்கும். பழைய எஞ்சின் அதைக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டது. இன்றைய டீசலில் எல்லா சிலிண்டருக்கும் எரிபொருள் தரும் பொதுக் குழாயான காமன் ரெயிலில் அழுத்தம் 2,000 பார் வரை போகிறது. நேரடியாகப் பீய்ச்சும் பெட்ரோல் எஞ்சினில் அது இருநூறு முதல் முந்நூற்றைம்பது பார்தான். அந்த அழுத்தத்தில் ஒரு துளி தண்ணீர் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைத் தின்றுவிடும். ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரைத் திறந்துவிடக் கற்றுக்கொள்ளாமல் டீசலில் நெடும்பயணம் கிளம்பாதீர்கள். தவறி டீசல் டேங்கில் பெட்ரோல் ஊற்றிவிட்டால் சாவியைத் தொடவே கூடாது. அந்தப் பம்புக்கு மசகே டீசல்தான், பெட்ரோல் அதைக் கழுவிவிடும்.

மாதத்தின் மற்ற இருபத்தெட்டு நாள்

இப்போது முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ஐரோப்பாவில் 2009இல் யூரோ 5 விதிகள் வந்த பிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்னும் கரித்தூள் வடிகட்டி இல்லாமல் தப்பிக்க முடியவில்லை. 2014இல் வந்த யூரோ 6, டீசலுக்கான நைட்ரஜன் ஆக்சைடு அளவைக் கிலோமீட்டருக்கு 0.18 கிராமிலிருந்து 0.08க்கு இறக்கியது. பல வண்டிகளில் யூரியா டேங்க் வந்து உட்கார்ந்தது அதற்காகத்தான். மற்ற நாடுகளும் இதே பாதையில் பின்னால் வந்தன. மூச்சுவிடும் நுரையீரல்களுக்கு நல்லது, சந்தேகமே இல்லை. ஆனால் டீசலின் குணமே மாறிவிட்டது.

டிபிஎஃப் கரியைப் பிடித்துச் சேர்த்து வைக்கும். நிறைந்ததும் அதை எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்குப் புகை 550, 600 டிகிரி அளவுக்குச் சூடேற வேண்டும், அந்தச் சூடு பத்து, இருபது நிமிடம் நிற்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடினால் இது உங்களுக்குத் தெரியாமலேயே நடந்து முடிந்துவிடும். ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அலுவலகத்துக்குப் போய்வரும் வண்டியில் நடக்கவே நடக்காது.

தெரிந்தவர் ஒருவர் ஆஃப்ரோடுக்கு என்று ஆசையாக டீசல் எடுத்தார். மாதம் ஒரு ஞாயிறு மலைப்பாதை, மற்ற நாளெல்லாம் நகருக்குள் நின்று நின்று ஊர்வது. ஐந்தாவது மாதம் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. வேகமாக ஓட்டுங்கள், அணைந்துவிடும் என்றார்கள். அணைந்தது, மறுபடி வந்தது. ஒரு நாள் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். ஆயில் மேல் கோட்டுக்கும் ஒரு விரற்கடை மேலே நிற்கிறது. ஆயில் குறைவதைத்தான் பார்த்திருக்கிறோம், கூடுமா? மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் டீசல் வாடை. புகையைச் சூடேற்றுவதற்காக எஞ்சின் கடைசி நேரத்தில் கூடுதலாக டீசலைப் பீய்ச்சுகிறது. நடுவில் வண்டியை நிறுத்திவிட்டால் அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் ஆயில் நீர்த்துப்போகும், பேரிங்குகள் தேயும். சர்வீஸில், "நீங்கள் ஓட்டும் விதம் சரியில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்களாம். வாங்கும் முன் எப்படி ஓட்டுவீர்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

நாள் முழுக்க லோ ரேஞ்சில் ஊர்ந்தாலும் இதே கதைதான், எஞ்சினுக்குப் பாரம் குறைவு, புகை சூடேறாது. சில வண்டிகளில் நாமே அழுத்திக் கரியை எரிக்க ஒரு பட்டன் இருக்கிறது. டீசல்தான் எடுப்பது என்று முடிவு செய்தால் அந்தப் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள், எனக்கு அது சன்ரூஃபைவிட முக்கியம். காய்ந்த புல்வெளியில் மட்டும் அதை அழுத்த வேண்டாம். 600 டிகிரிக் குழாயும் அடியில் சிக்கிய காய்ந்த புல்லும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பெட்ரோல் வண்டியில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சூடாகத்தான் இருக்கும், புல்லில் நிறுத்தினால் அதற்கும் கீழே குனிந்து பார்ப்பது நல்லது.

பெட்ரோலிலும் இப்போது சில வண்டிகளில் வடிகட்டி வருகிறது. அதன் புகை இயல்பாகவே அதிகச் சூடு, ஆக்சிலரேட்டரை விடும்போது உள்ளே போகும் காற்றிலேயே கரி எரிந்துவிடும். பெரும்பாலானோருக்கு அது இருப்பதே தெரியாது. நேரடியாகப் பீய்ச்சும் பெட்ரோல் எஞ்சின்களில் வால்வின் பின்புறம் கரி படியும் தொல்லை உண்டு. அது வருடக்கணக்கில் மெல்ல வருவது, ஐந்தாவது மாதம் விளக்கெரிவதில்லை.

காசுக் கணக்கு

டீசல் வண்டி பொதுவாக விலை கூடுதல். அந்தக் கூடுதலை மைலேஜ் எப்போது திருப்பித் தரும்? எரிபொருளையே அளவாக வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டருக்கு 9, டீசல் 12 கிலோமீட்டர், இரண்டும் லிட்டர் ஒரே விலை என்று வையுங்கள். 1,000 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 111 லிட்டர், டீசல் 83 லிட்டர். மிச்சம் 28 லிட்டர். வண்டி விலையில் வித்தியாசம் 2,000 லிட்டர் எரிபொருளின் விலைக்குச் சமம் என்றால் சுமார் 72,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகுதான் டீசல் லாபம். வருடம் 8,000 ஓட்டுகிறவருக்கு ஒன்பது வருடம். 25,000 ஓட்டுகிறவருக்கு மூன்று வருடத்துக்குள். டீசல் லிட்டருக்கு மலிவாகக் கிடைக்கும் இடத்தில் இன்னும் சீக்கிரம் வரும், விலை கூடிய இடத்தில் தள்ளிப்போகும். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், ஒரு காகிதமும் ஐந்து நிமிடமும் போதும். யூரியா, அதிக விலையுள்ள ஃபில்டர், என்றாவது ஒரு நாள் மாற்றப்போகும் இன்ஜெக்டர் இதெல்லாம் இந்தக் கணக்கில் இல்லை. விற்கும்போது டீசலுக்குக் கூடுதல் விலை கிடைக்கலாம் என்பதும் இல்லை. பழைய டீசலை நகருக்குள் விடாத விதிகள் பல ஊர்களில் வந்துகொண்டிருப்பதால் அந்தக் கூடுதலை நான் நம்பி இறங்கமாட்டேன்.

அப்படியானால் எது?

வாரநாளில் நகருக்குள் சின்னச் சின்ன ஓட்டம், எப்போதாவது பக்கத்தில் இருக்கும் பாதையில் ஒரு நாள் என்றால் பெட்ரோல். முடிந்தால் ஆட்டோமேட்டிக், லோ ரேஞ்ச் கட்டாயம். மணல்தான் பிரதானம் என்றாலும் பெட்ரோல், அதில் குதிரைத்திறன் எவ்வளவு கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வருடம் இருபதாயிரத்துக்கு மேல் ஓடும், பாதி நெடுஞ்சாலை, பாரம் உண்டு, போகும் இடத்தில் பங்க் அரிது என்றால் டீசல். அதுவும் கொஞ்சம் பெரிய எஞ்சினாகப் பாருங்கள், 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே அது எப்படி நடந்துகொள்கிறது என்று ஓட்டிப் பாருங்கள். கல்லும் மேடும் மட்டும்தான் என் விளையாட்டு என்கிறவர் எஞ்சினைப் பற்றிக் கவலையை விட்டுவிட்டு க்ரால் ரேஷியோவையும், ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதையும் சேர்த்தே சுழல வைக்கும் டிஃபரன்ஷியல் லாக்கையும் கேட்டு வாங்கட்டும்.

என்னைக் கேட்டால், நானே முதல் வகை. ரொம்ப நாள் டீசல் ஓட்டிவிட்டுப் பெட்ரோலுக்கு மாறினேன். கல்லில் ஒன்றும் இழந்ததாகத் தோன்றவில்லை. பங்க்கில் நிற்கும்போது மட்டும் கொஞ்சம் வலிக்கிறது. ஜன்னலைத் திறந்துவிட்டு மெதுவாக ஏறும்போது டயர் கல்லை உரசுவதும், அடியில் இடிப்பதும் இப்போது காதில் விழுகிறது. டீசலின் கடகடவில் அது கேட்டதே இல்லை. இதைப் பட்டியல் போட்டு ஒப்பிடும்போது யாரும் சேர்த்துக்கொள்வதில்லை, ஓட்டுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பழைய வண்டி பார்க்கிறவருக்கு ஒன்று. டிபிஎஃப் உள்ள டீசல் என்றால் கிலோமீட்டர் குறைவாக ஓடியிருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். ஐந்து வருடத்தில் 20,000 ஓடிய டீசலைவிட 90,000 ஓடிய டீசல் பெரும்பாலும் ஆரோக்கியமாக இருக்கும், நெடுஞ்சாலையில் ஓடியிருக்க வாய்ப்பு அதிகம். விற்கிறவர் பாட்டு சிஸ்டத்தைப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பானட்டைத் திறந்து டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருந்து டீசல் வாடையும் அடித்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கக் கிளம்பலாம்.